பேரேடு யார் கையில?

டிஸ்கி: இது பொட்டி தட்டுறவங்க சமாச்சாரம். ஆனா புரோகிராம் எழுதத் தெரியாதவங்களும் தைரியமா உள்ள வரலாம். காய்கறி மண்டியில கணக்கு எப்படி எழுதுவாங்கன்னு தெரிஞ்சா போதும். :-)

ரொம்ப நாளா உள்ள கிடந்து உறுத்திக்கிட்டு இருக்கிற விஷயம், இன்னிக்குக் கொட்டிடறேன். தானா மாறிக்கிட்டே இருக்கிற வரைபடம் எழுதறது எப்படின்னு சொல்லிக்கொடுக்கிற பாடங்கள் நெறைய, ஆரம்பத்துலயே 'க்ளோபல்'னு ஒரு வார்த்தையைப் போட்டுட்டு வேலையைத் தொடங்குது. இது தப்புங்கிறது என் கருத்து. 'கோடு அழகா இல்ல' வகைத் தப்பு இல்ல. அந்தப் படத்தைப் பார்த்து நாலு காசு போடற, எடுக்கிற மனுஷனை ஏமாத்துற தப்பு.

முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடறேன். சாதாரண வரைபடம் போட்டோ மாதிரி. எடுத்தோம், முடிஞ்சது. மாறிக்கிட்டே இருக்கிற வரைபடம் கல்லாவில உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி, நாள் பூரா வேலை. ஒரு ஃபங்ஷன் எழுதி வச்சா அதைக் கணினியே நொடிக்கொரு தடவை கூப்பிடும். அது புது விலையை வாங்கி, கோட்டை ஒரு புள்ளி நீட்டிட்டுத் திரும்பிடும். சிக்கல் எங்கன்னா, ஃபங்ஷன் முடிஞ்சதும் அதுக்குள்ள இருந்த லோக்கல் மாறிகள் எல்லாம் காலி. அடுத்த நொடி அதே ஃபங்ஷன் வரும்போது ஒண்ணுமே தெரியாத புது ஆள்தான். அப்போ போன நொடி வரைக்கும் வந்த விலைகளை யார் ஞாபகம் வச்சுக்கறது?

எங்க ஊர் ஒட்டன்சத்திரம். இங்க காந்தி மார்க்கெட்ல இருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு போறது ஊர் உலகத்துக்கே தெரியும். இந்த மாதிரி கமிஷன் மண்டிகள்ல மேல நான் கேட்ட கேள்விக்கு எப்பவோ பதில் கண்டுபிடிச்சுட்டாங்க. அன்னன்னிக்கு நடந்ததை எழுதறது சிட்டை. அதுல இருந்து ஆள் வாரியா எடுத்து எழுதறது பேரேடு. இது ரெண்டுக்கும் அப்பால, கடை வாசல்ல சாக்பீஸ்ல விலை எழுதற பலகை ஒண்ணு தொங்கும். சிட்டை அந்த நாளோட சரி. பேரேடு தொடர்ந்து வரும், ஒவ்வொருத்தருக்கும் தனிப் பக்கம். பலகையை யார் வேணா அழிக்கலாம், யார் வேணா எழுதலாம்.

இப்ப நம்ம பாஷைக்கு வாங்க. லோக்கல் மாறிங்கிறது சிட்டை. தொடர்ந்து இருக்க வேண்டிய நிலைங்கிறது பேரேடு. க்ளோபல் மாறி? வாசல்ல தொங்கற பலகை. பேரேட்டுல எழுத வேண்டியதைப் பலகையில எழுதச் சொல்லிக்கொடுக்கறோம். இதுதான் என் புகார்.

புதுசா வர்றவங்க எப்படி இந்தக் குழியில விழறாங்கன்னு பாருங்க. பைதான்ல ஒரு விதி இருக்கு. ஃபங்ஷனுக்குள்ள ஒரு பேருக்கு மதிப்பு கொடுத்தா, அந்தப் பேர் அந்த ஃபங்ஷனுக்கே சொந்தம். வெளியில ஒரு எண்ணியை 0-ன்னு வச்சுட்டு, உள்ள வந்து அதோட 1 கூட்டினா 'அன்பவுண்ட்லோக்கல்எரர்'னு கத்தும். ஆனா வெளியில ஒரு லிஸ்ட் வச்சுட்டு, உள்ள வந்து அதுல அப்பெண்ட் பண்ணா ஒரு சத்தமும் வராது, அழகா வேலை செய்யும். ஏன்? முதல் கேஸ்ல அதே பேர்ல புது நோட்டு போடறோம். ரெண்டாவதுல ஏற்கெனவே இருக்கிற நோட்டுல ஒரு வரி எழுதறோம். புது நோட்டு போடத்தான் அனுமதி வேணும், பழசுல எழுத வேண்டாம். இதை யாரும் விளக்கறதில்ல. தேடிப் பார்த்தா ஒத்தை வரியில தீர்வு கிடைக்கும்: 'மேல க்ளோபல்னு போடு, சரியாயிடும்'. சரியாகவும் ஆயிடுது. பையன் அதையே பழகிக்கறான்.

நம்ம ஊர் மண்டி ஒண்ணுல கல்லூரியில படிக்கிற தம்பி ஒருத்தன், அவங்க மாமா கடைக்குன்னு விலை வரைபடம் எழுதி வச்சிருந்தான். ஏலம் முடிய முடிய விலையைத் தட்டினா திரையில கோடு ஏறி இறங்கும். நிஜமாவே நல்லா இருந்தது. முதல்ல தக்காளிக்கு மட்டும். அப்புறம் மாமா முருங்கைக்கும் கேட்டிருக்கார். முருங்கைன்னா இங்க ஒண்ணு இல்ல. செடி முருங்கை, மர முருங்கை, கரும்பு முருங்கைன்னு தனித்தனி விலை. தம்பி தக்காளிக்கு எழுதின ஃபங்ஷனையே காப்பி அடிச்சு, பேரை மட்டும் மாத்தி மாத்தி ஒட்டிட்டான். ஆனா எல்லாமே எழுதற லிஸ்ட் 'விலை'ங்கிற ஒரே க்ளோபல்.

தக்காளி விலையும் முருங்கை விலையும் கலந்தப்போ கோடு ரம்பப் பல்லு மாதிரி ஆயிடுச்சு, உடனே கண்டுபிடிச்சுட்டான். தக்காளிக்கு மட்டும் வேற லிஸ்ட் போட்டான். முருங்கை மூணும் ஒரே லிஸ்ட்லயே தங்கிடுச்சு. மூணு முருங்கை விலையும் பக்கத்துப் பக்கத்துல இருக்கிற நாள்ல படத்தைப் பார்த்தா என்ன தெரியும்? 'இன்னிக்குச் சந்தை கொஞ்சம் ஆடுது'ன்னுதான் தெரியும். பிழைச் செய்தி கிடையாது, திரை உறையாது. கோடு அழகா ஆடிக்கிட்டே பொய் சொல்லும்.

"ஏன்டா எல்லாத்தையும் ஒரே லிஸ்ட்ல போட்டே?"ன்னு கேட்டேன்.

"அண்ணே, நெட்ல பார்த்த எல்லா உதாரணத்துலயும் அப்படித்தாண்ணே இருக்கு."

தம்பி மேல எனக்குக் கோவமே இல்ல. உதாரணங்கள் அப்படித்தான் இருக்கு. இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்ல. வில்லியம் வுல்ஃபும் மேரி ஷாவும் க்ளோபல் மாறி கெடுதல்னு தலைப்புலயே போட்டுக் கட்டுரை எழுதினது 1973-ல! அரை நூற்றாண்டு தாண்டியாச்சு, நாம இன்னும் முதல் பாடத்துல அதையே சொல்லிக்கொடுத்துட்டு இருக்கோம்.

இதுல கருவிகளுக்கும் பங்கு இருக்கு. பைதான்ல படம் வரையப் பெரும்பாலும் நாம போறது மேட்பிளாட்லிப். ஜான் ஹண்டர்ங்கிற நரம்பியல் ஆராய்ச்சியாளர், வலிப்பு நோயாளிகளோட மூளை மின்னலைகளைத் திரையில பார்க்கிற வேலைக்காகத் தொடங்கினது. 2003-ல வெளியில வந்தது. அவர் 2012-ல இறந்துட்டார், அவர் எழுதினது இன்னும் உலகம் பூரா ஓடுது. மேட்லேப் பழகினவங்க சுலபமா வரணும்னு, அதுல 'பைபிளாட்'னு ஒரு பகுதி உண்டு. அது 'இப்போ நடப்புல இருக்கிற படம் எது'ங்கிறதைத் தனக்குள்ளேயே ரகசியமா வச்சுக்கும். நீங்க 'வரை'ன்னு சொன்னா, கடைசியா எந்தப் படம் நடப்போ அதுல வரையும். அதாவது நாம ஒரு க்ளோபல்கூட எழுதாமலே ஒரு க்ளோபல் உள்ள உட்கார்ந்திருக்கு. ஒத்தைப் படத்துக்கு சுகம். நாலு படம் மாறி மாறி ஓடும்போது, தக்காளிக் கோடு வெங்காயப் படத்துல போய் உட்காரும்.

இன்னொண்ணும் உண்டு. ஒவ்வொரு நொடியும் 'பிளாட்'னு கூப்பிட்டா பழைய கோடு அழியாது, அது மேலேயே இன்னொரு கோடு விழும். பார்க்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும், உள்ள நூத்துக்கணக்குல அடுக்கி வச்சிருக்கும். மத்தியானத்துக்குள்ள கணினி முக்க ஆரம்பிச்சிடும். கோட்டை ஒரு தடவை உருவாக்கிக் கையில வச்சுக்கிட்டு, அதோட தரவை மட்டும் மாத்தறதுதான் முறை.

'கையில வச்சுக்கறது'ன்னு சொன்னதும் இதையும் சொல்லணும். அதே மேட்பிளாட்லிப்ல ஃபங்அனிமேஷன்னு ஒண்ணு இருக்கு, நம்ம ஃபங்ஷனைத் திரும்பத் திரும்பக் கூப்பிடறதுக்கு. அதை உருவாக்கிட்டு ஒரு மாறியில பிடிச்சு வைக்கலைன்னா, யாருக்கும் வேண்டாத பொருள்னு பைதான் குப்பையில போட்டுடும். அசைவே இருக்காது. அது திருப்பிக் கொடுத்ததை ஒரு ஃபங்ஷனுக்குள்ள லோக்கல் மாறியில வச்சு, ஃபங்ஷன் முடிஞ்சுட்டாலும் இதே கதிதான். நிறைய பேர் இதை மேட்பிளாட்லிப்போட கோளாறுன்னு திட்டறாங்க. கோளாறு இல்ல. பேரேட்டுக்குப் பொறுப்பாளி இல்லைன்னா பேரேடு இல்லைங்கிறது அங்க நேரடியாவே தெரியுது.

சரி, மேட்லேப் காரங்க தப்பிச்சாங்களான்னா, அதுவும் இல்ல. அங்க 'பெர்சிஸ்டன்ட்'னு ஒரு வசதி. மாறி ஃபங்ஷனுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கும், வெளியில யாரும் தொட முடியாது, அடுத்த தடவை கூப்பிடும்போதும் மதிப்பு அப்படியே இருக்கும். க்ளோபலுக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனா அந்த நினைவு ஃபங்ஷனுக்குச் சொந்தமே தவிர படத்துக்குச் சொந்தம் இல்ல. ஒரே ஃபங்ஷனை செடி முருங்கைக்கும் கரும்பு முருங்கைக்கும் கூப்பிட்டா திரும்ப ஒரே பையில ரெண்டு கணக்கு. அந்த ஃபங்ஷன் கோப்பைத் திருத்தி சேமிச்சா நினைவு மொத்தமும் அழிஞ்சிடும். பைதான்ல டிஃபால்ட் மதிப்பா ஒரு காலி லிஸ்டைக் கொடுத்தாலும் இதே கூத்துதான். அந்த லிஸ்ட் ஒரே தடவைதான் பிறக்குது, கூப்பிடற எல்லாருக்கும் அதே லிஸ்ட்தான் போய்ச் சேருது.

லூப் போட்டு அஞ்சு காய்க்கு அஞ்சு குட்டி ஃபங்ஷன் உருவாக்கறவங்களுக்கு இன்னொரு விருந்து காத்திருக்கு. உள்ள இருக்கிற ஃபங்ஷன், காயோட மதிப்பைப் பிடிச்சு வச்சுக்கறதில்ல, பேரைத்தான் பிடிச்சு வச்சுக்குது. லூப் முடியும்போது அந்தப் பேர்ல கடைசிக் காய்தான் இருக்கும். அஞ்சு படத்துலயும் கத்திரிக்காய்! :-) ஜாவாஸ்கிரிப்ட்ல 2015-ல 'லெட்' வந்து இதைத் தீர்த்து வச்சது. பைதான்ல இன்னும் நாமதான் பார்த்து நடந்துக்கணும்.

இந்தச் சிக்கல் ஒரு கடையோட ஒரு கணினியில நிக்கிற வரைக்கும் பரவாயில்ல. இப்போ எல்லாமே பிரவுசர்ல. டேஷ்னு ஒரு கருவி இருக்கு, இணையத்துல வரைபடம் காட்டறதுக்கு. அதோட கையேட்டுலயே, ஃபங்ஷனுக்கு வெளியில இருக்கிற மாறியை ஒருக்காலும் மாத்தாதேன்னு அழுத்தமா எழுதி வச்சிருக்காங்க. காரணம், ஒரே புரோகிராமைப் பல பேர் ஒரே நேரத்துல பார்ப்பாங்க. நீங்க தக்காளியைத் தேர்ந்தெடுத்தா பழனியில இருந்து பார்க்கிறவர் திரையும் தக்காளிக்கு மாறிடலாம். ஸ்ட்ரீம்லிட் நேர் எதிர்ப் பக்கம் போச்சு. நீங்க ஒரு பட்டனைத் தொட்டாலே புரோகிராமை மேல இருந்து கீழ வரைக்கும் திரும்ப ஓட்டும், போன தடவை வச்ச மாறி எல்லாம் புதுசா ஆரம்பிக்கும். கடைசியில 2021-ல அவங்களும் 'செஷன் ஸ்டேட்'னு ஒரு பேரேட்டைத் தனியா, ஆளுக்கு ஒண்ணா கொடுக்க வேண்டி வந்தது. எந்த வழியில போனாலும் ஒரே கேள்விதான் எதிர்ல வந்து நிக்குது.

ஜுபிட்டர் நோட்புக் கதை இன்னும் மோசம். ஒரு கட்டத்தை ரெண்டு தடவை ஓட்டினா ஒரே விலை ரெண்டு தடவை லிஸ்ட்ல ஏறும். அழிச்சுட்ட கட்டத்தோட மாறி ஆவி மாதிரி உள்ள சுத்திக்கிட்டு இருக்கும். 2019-ல பிமென்டெலும் கூட இருந்த ஆராய்ச்சியாளர்களும் பொதுவெளியில கிடக்கிற லட்சக்கணக்கான நோட்புக்குகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாங்க. பிழை இல்லாம ஓடினது சுமார் 24 சதவீதம். முன்ன வந்த அதே விடையைத் திரும்பக் கொடுத்தது சுமார் 4 சதவீதம். இதுக்குப் பல காரணம் உண்டு, மறைஞ்சு கிடக்கிற நிலையும் அதுல ஒண்ணு.

சரிடா, குறை சொல்லியே பக்கத்தை நிரப்பிட்டே, எப்படித்தான் பண்ணணும்கிறியான்னு கேட்பீங்க. எனக்குப் பிடிச்ச உதாரணம் மேட்லேப்லயும் இல்ல, பைதான்லயும் இல்ல. எங்க ஊர்ல இருந்து தென்மேற்கே பழனி மலையைப் பார்த்தா, அது மேல இருக்கு.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1899-ல தொடங்கினது. 1909-ல ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகள்ல வாயு ஓட்டத்தைக் கண்டுபிடிச்ச இடம். இப்போ இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்குக் கீழ இருக்கு. அங்க 'சன்சார்ட்'னு ஒரு பழக்கம். அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டம் அச்சடிச்ச தாள். அன்னிக்குச் சூரியன்ல தெரியற கரும்புள்ளி, பிளாஜ், ஃபிலமென்ட், பிராமினன்ஸ் எல்லாத்தையும் கையால வண்ண வண்ணமா வரைவாங்க. 1904-ல இருந்து 2020 வரைக்குமான தாள்கள் இருக்கு. நூறு வருஷத்துக்கும் மேல மாறிக்கிட்டே இருந்த ஒரு வரைபடம்!

அதை ஒரு புரோகிராம் மாதிரி பாருங்க. கட்டம் மாறாது, அது மாறிலி. படிக்க எல்லாரும் படிக்கலாம், யாரும் திருத்த மாட்டாங்க. இன்னிக்கு வரையறது இன்னிக்குத் தாள்ல மட்டும். நேத்துத் தாளை யாரும் தொடறதில்ல. ஒவ்வொரு தாளும் இன்ன நாளோடதுன்னு தெரியும். சூரியன் சுத்தறதால புள்ளி தினமும் நகர்ந்துக்கிட்டே இருக்கும், ஆனா அடுத்தடுத்த தாளை வச்சுப் பார்த்தா அதே புள்ளியைத் தொடர முடியும். ஒரே கரும்பலகையில தினமும் அழிச்சு அழிச்சு வரைஞ்சிருந்தா என்ன மிஞ்சியிருக்கும்? தாள் தாளா இருந்ததாலதான் சமீப வருஷங்கள்ல அந்த ஓவியங்களை ஸ்கேன் பண்ணி, கணினியை வச்சு ஃபிலமென்ட்களைத் தனியாப் பிரிச்சு எடுத்து ஆராய முடிஞ்சிருக்கு. வரைஞ்சவங்க நினைச்சே பார்த்திருக்க முடியாத பயன்பாடு.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது மூணு கேள்வி. மாறும் வரைபடம் எழுத உட்கார்ந்தா, முதல் வரி எழுதறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மாறியையும் நிறுத்தி வச்சுக் கேட்கணும்.

ஒண்ணு, நீ ஒவ்வொரு தடவையும் புதுசா பிறக்கணுமா, தொடரணுமா?

ரெண்டு, தொடரணும்னா நீ யாருக்குச் சொந்தம்? 'புரோகிராமுக்கு'ங்கிற பதில் செல்லாது. செடி முருங்கைப் படத்துக்கா, கரும்பு முருங்கைப் படத்துக்கா, பார்க்கிற ஆளுக்கா?

மூணு, நீ எப்ப அழியணும்? இதைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. 'இன்றைய அதிகபட்ச விலை'ன்னு ஒரு மாறி வச்சுட்டு, ராத்திரி புரோகிராமை நிறுத்தலைன்னா, நாளைக்குக் காலையில நேத்தைய உச்சம்தான் இன்றைய உச்சமா நிக்கும். அதேபோல நொடிக்கு ஒரு எண்ணுன்னு சேர்த்தா ஒரு நாளைக்கு 86,400 எண். கடைசி ஆயிரம் போதும்னா அதை முதல்லயே வரையறுத்துடணும்.

பதில் கிடைச்சுட்டா கோடு தானா வந்துடும். காய்க்கு ஒரு ஆப்ஜெக்ட், அதுக்குள்ள அதோட விலைப் பட்டியல், அதோட கோடு, அதோட கடைசிப் பதிவு நேரம். முடிஞ்சது. கிளாஸ்னாலே புதுசா வர்றவன் பயந்துடுவான்னு சில நண்பர்கள் சொல்றாங்க. அப்போ காய்ப் பேரைச் சாவியா வச்சு ஒரு டிக்ஷனரி போடச் சொல்லுங்க. இல்ல, ஃபங்ஷனுக்குள்ள ஃபங்ஷன் எழுதச் சொல்லுங்க, 2008-ல வந்த பைதான் 3.0-லயே 'நான்லோக்கல்' வந்தாச்சு. ஆளுக்கு ஒரு பக்கம்னு பேரேடு எழுதற ஊர்ல, இது புரியாதுன்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். இருபது வரியில ஒரு தடவை ஓட்டித் தூக்கிப் போடற புரோகிராமுக்கு க்ளோபல் போதும்னு ஒரு வாதம் உண்டு. அதுல நியாயம் இருக்கு. ஆனா மாறும் வரைபடத்தை யாரும் ஒரு தடவை ஓட்டித் தூக்கிப் போடறதில்ல. நாள் பூரா ஓடணும்னுதான் எழுதறோம்.

அடுத்தது கரண்ட். நம்ம ஊர்ல பவர் கட் ஆனா மெமரியில இருந்த ஆப்ஜெக்டும் போச்சு, க்ளோபலும் போச்சு. அதனால விலை வந்ததும் முதல்ல ஒரு கோப்புலயோ சின்ன டேட்டாபேஸ்லயோ தேதி, நேரத்தோட எழுதிடணும். அப்புறம் அதைப் படிச்சு வரையணும். அசல் பேரேடு டிஸ்க்ல. திரையில தெரியறது அதோட நிழல்.

விலை வராத நேரம் பத்தியும் யோசிங்க. அரசாங்கத்தோட அக்மார்க்நெட் தளத்துல சந்தை வாரியா குறைஞ்ச விலை, அதிக விலை, பெரும்பாலும் போன விலைன்னு தினசரி போடறாங்க. ஒரு நாள் பதிவு இல்லைன்னா, நம்ம புரோகிராம் பழைய மதிப்பையே பிடிச்சுக்கிட்டு நேர்கோடா இழுத்துட்டுப் போகும். பார்க்கிறவர் 'விலை அசையாம நிக்குது'ன்னு நினைப்பார். நிஜத்துல தகவலே இல்ல! அந்த இடத்துல வெறுமை மதிப்பு போட்டா மேட்பிளாட்லிப் கோட்டை அறுத்துக் காட்டும். அறுந்த கோடு அசிங்கமா இருக்கும், இருக்கட்டும். படத்தோட மூலையில 'கடைசிப் பதிவு' நேரத்தையும் போட்டுடுங்க.

ஏன் இவ்வளவு வம்பு பண்றேன்னா, முருங்கை பறிக்கிறவருக்கு இன்னிக்கு ஆள் விட்டுப் பறிக்கிறதா, ரெண்டு நாள் பொறுக்கிறதான்னு ஒரு முடிவு இருக்கு. பறிக்கிற கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் அவர் தலையில. பொறுத்தா காய் முத்திடும். அந்த முடிவை இனிமே மொபைல்ல தெரியற ஒரு கோட்டைப் பார்த்து எடுக்கப் போறார். அவருக்கு க்ளோபல் தெரியாது, தெரியவும் வேண்டாம். பலகையில இருந்ததை நாம பேரேடுன்னு காட்டக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தத் தம்பிக்கு டிக்ஷனரி போட்டுக் காட்டினேன், பத்து நிமிஷம்கூட ஆகல. "இதை முதல்லயே சொல்லியிருந்தா என்னண்ணே?"ன்னு கேட்டான். பாடம் எழுதற மக்களே, கேள்வி உங்களுக்கும்தான். மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம்.